அப்பா தொடாத அமைப்புகள்

2025 கார்த்திகையின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பெங்களூர் அல்சூரில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு மடிக்கணினிகளை அருகருகே வைத்து, அவற்றில் ஓடும் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை 12-ஆம் பதிப்பிலிருந்து 13-க்கு மேம்படுத்தினேன். ஒன்று என்னுடையது, மற்றது அப்பாவுடையது. இரண்டுமே எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய அலுவலகக் கணினிகள். ஒரே தயாரிப்பு, ஒரே மாதிரி, ஒரே அளவு நினைவகம். இரண்டிலும் திரையையும் சாளரங்களையும் தருவது கேடிஈ குழுவின் பிளாஸ்மா என்ற டெஸ்க்டாப். நான் இட்ட கட்டளைகளும் ஒன்றே. முதலில் கோப்புகளைப் படியெடுத்து வைத்தேன். பிறகு பொதிகளின் மூலப் பட்டியலில் 12-இன் பெயரான 'புக்வோர்ம்' இருந்த இடமெல்லாம் 13-இன் பெயரான 'டிரிக்ஸி' என்று மாற்றி, வெளியீட்டுக் குறிப்பு சொல்கிறபடி முதலில் சிறிய மேம்படுத்தலையும் அடுத்து முழு மேம்படுத்தலையும் செய்தேன். நடுவில் ஒருமுறை மின்சாரம் போனது. எங்கள் தெருவில் அது செய்தி அல்ல. மடிக்கணினிகளின் மின்கலமும் மோடத்துக்கான யுபிஎஸ்ஸும் தாங்கிக்கொண்டன.

மாலையில் என் கணினியைத் திறந்தபோது, மேம்படுத்தல் நடந்ததா என்று சந்தேகப்படும் அளவுக்கு எல்லாம் முன்பு போலவே இருந்தது. அப்பாவின் கணினியோ, தாம் இல்லாதபோது யாரோ வந்து சாமான்களை இடம் மாற்றிவைத்த வீடு போல அவருக்கு ஆகியிருந்தது. ஒரே நாளில் ஒரே கையால் செய்த வேலைக்கு இரண்டு விதமான விளைவு எப்படி வந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

அப்பாவுக்கு எழுபத்து நான்கு வயது. இங்கே ஒரு பொதுத்துறை ஆலையில் முப்பத்தைந்து ஆண்டுகள் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தெருக்கோடி அம்மன் கோவிலின் மார்கழி உபயதாரர் பட்டியல் அவர் பொறுப்பில் இருக்கிறது. எந்த நாள் யாருடைய பூசை, பொங்கலா சுண்டலா, பணம் வந்ததா இல்லையா என்பதை ஒரு லிப்ரே ஆபீஸ் கோப்பில் ஆண்டுதோறும் எழுதி அச்சிட்டுக் கோவில் சுவரில் ஒட்டுவார். மார்கழி பிறக்க இரண்டே நாள் இருக்கும்போது மேம்படுத்தலில் இறங்கியது என் புத்தி.

அன்று இரவு எட்டு மணிக்கு, "ஏம்மா, இது திறக்க மாட்டேங்குது" என்றார். போய்ப் பார்த்தேன். உபயப் பட்டியல் கோப்பின் மேல் சுட்டியை வைத்து ஒருமுறை அழுத்தினார். கோப்பு நீல நிறமாகி அப்படியே நின்றது. சற்றுப் பொறுத்து இன்னும் பலமாக அழுத்தினார். பிறகு கட்டைவிரலையும் சேர்த்து, ஆலையில் இறுகிப்போன கைப்பிடியைத் தள்ளுகிறவர் போல அழுத்தினார். மேசையில் இரண்டாவதாக ஒரு மவுஸ் கிடந்தது. பழையது தேய்ந்துவிட்டது என்று நினைத்து, அலமாரியிலிருந்து வேறொன்றை எடுத்து அதையும் சொருகிப் பார்த்திருக்கிறார். ஒருமுறை அழுத்தினால் கோப்பு திறக்கும் என்பது அவர் கையில் பதினைந்து ஆண்டுகளாக ஊறிய பழக்கம். இனி இருமுறை அழுத்த வேண்டும் என்று திரையில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

இருமுறை அழுத்திக் காட்டியதும் கோப்பு திறந்தது. அவரும் செய்து பார்த்தார். இரண்டு அழுத்தலுக்கும் இடையில் அவருக்கு ஆகும் நேரத்தில் கணினி அவற்றைத் தனித்தனி அழுத்தலாக எண்ணிக்கொண்டது. ஐந்தாவது முயற்சியில் திறந்தது. அடுத்து நாளையும் பெயரையும் எழுதத் தொடங்கினார். 'அம்மன்' என்று தட்டினார். திரையில் ஏ, கே, கே, ஐ, எஃப் என்று ஐந்து ஆங்கில எழுத்துகள் வந்து உட்கார்ந்தன.

தமிழ்99 தெரிந்தவர்களுக்கு அந்த ஐந்து எழுத்தைப் பார்த்ததுமே புரிந்துவிடும். அ, ம, ம, ன, புள்ளி என்று விரல்கள் தட்டியது சரி. அந்தத் தட்டலைத் தமிழாக்க வேண்டிய உள்ளீட்டுக் கருவிதான் எழுந்து வரவில்லை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டி உருவான இந்த விசைப்பலகை முறையில் இடப்பக்கம் உயிர், வலப்பக்கம் மெய் என்பதும், ஒரே மெய்யை அடுத்தடுத்துத் தட்டினால் முதலாவதன் மேல் புள்ளி தானே ஏறிக்கொள்ளும் என்பதும் அப்பாவுக்கு மிகவும் பிடிக்கும். அறுபது வயதுக்கு மேல் அதைக் கற்றுக்கொண்டார். விசைகளைப் பாராமல் தட்டுவார் என்பதால் அன்று அவர் ஒரு வரி முழுவதையும் தட்டி முடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

முதலில் தமிழ்ச் சிக்கலை எடுத்துக்கொண்டேன். பட்டியலுக்கு அது இல்லாமல் முடியாது. அதன் காரணம் சற்று ஆழத்தில் இருந்தது. லினக்ஸில் திரையையும் விசைப்பலகையையும் ஆண்டுவந்தது எக்ஸ் என்ற அமைப்பு. 1984-இல் எம்.ஐ.டி.யில் தொடங்கிய அதன் பதினோராவது வடிவம் 1987-இல் வந்தது, எக்ஸ்11 என்ற பெயர் இன்றுவரை நிற்கிறது. அதன் கீழ் ஓடும் எந்த நிரலும், பக்கத்துச் சாளரத்தில் நீங்கள் தட்டும் ஒவ்வொரு விசையையும் விரும்பினால் கேட்டுக்கொள்ள முடியும். கூட்டுக் குடித்தனத்தில் மெல்லிய தட்டிச் சுவர் போன்ற ஏற்பாடு. 2008-இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலண்ட், அந்தச் சுவரைச் செங்கல்லாக்கியது. அதில் ஒரு சாளரத்தின் விசைகள் அந்தச் சாளரத்துக்கு மட்டுமே போகும். வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டுகிறவருக்கு இது பெரிய நன்மை என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் தமிழ் உள்ளீட்டுக் கருவியின் தொழிலே அடுத்த சாளரத்தின் விசைகளை இடைமறித்து எழுத்தாக மாற்றுவது. தட்டிச் சுவர் போனபின் அது வாசல் வழியாக, சாளரங்களை ஆளும் நிரலின் அனுமதியோடுதான் வர வேண்டும்.

டெபியன் 12-இல் இருந்தது பிளாஸ்மா 5.27. அப்பாவின் கணினி அதில் எக்ஸ்11 அமர்வில்தான் நுழைந்துகொண்டிருந்தது. அமர்வு தொடங்கும்போது ஓடும் சிறு கட்டளைத்தொடர்களே உள்ளீட்டுக் கருவியையும் எழுப்பிவிடும். டெபியன் 13-இல் இருப்பது பிளாஸ்மா 6.3. பிளாஸ்மா 6 வரிசை 2024 பிப்ரவரி 28 அன்று வெளிவந்தபோதே வேலண்டை இயல்பிருப்பாக, அதாவது நாம் எதையும் தேர்ந்தெடுக்காதபோது தானே வருவதாக, ஆக்கிவிட்டது. நுழைவுத் திரையில் அமர்வின் பெயர் மாறியதை அப்பா கவனிக்கவில்லை, கவனித்திருந்தாலும் அது அவருக்கு என்ன சொல்லியிருக்கும்? வேலண்ட் அமர்வில் உள்ளீட்டுக் கருவியை எழுப்புவது கேவின் என்ற சாளர மேலாளரின் வேலை. எதை எழுப்ப வேண்டும் என்று அதற்கு நாம் சொல்ல வேண்டும். சொல்லும் இடம் அமைப்புகளில் 'மெய்நிகர் விசைப்பலகை' என்ற பக்கம். தொடுதிரையில் தோன்றும் விசைப்பலகைக்கு உரிய பெயர் அது. மேசையில் அசல் விசைப்பலகை வைத்திருக்கிற ஒருவர், தமிழ் வரவில்லை என்பதற்காக அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பார் என்று எதிர்பார்ப்பது, அரிசி எங்கே என்று கேட்டவரைக் குளியலறைக்கு அனுப்புவது போன்றது. எனக்கு அந்த இடம் தெரிந்திருந்ததற்கு ஒரே காரணம், ஈராண்டுக்கு முன்பே என் கணினியை நானாக வேலண்டுக்கு மாற்றி, அப்போதே ஓர் இரவு முழுவதும் முட்டி மோதியிருந்ததுதான்.

எக்ஸ்11 அமர்வுக்கே அப்பாவைத் திருப்பி அனுப்பியிருக்கலாம், பிளாஸ்மா 6.3-இல் அதற்கு வழி உண்டு. ஆனால் பிளாஸ்மா 6.8-இல் எக்ஸ்11 அமர்வு இருக்காது என்று கேடிஈ குழுவினர் 2025 நவம்பரிலேயே அறிவித்துவிட்டார்கள். இரண்டாண்டு கழித்து இதே பாட்டை மறுபடி பட வேண்டாம் என்று, உள்ளீட்டுக் கருவியை அந்தப் பக்கத்தில் தேர்ந்தெடுத்து, வெளியேறி, மறுபடி நுழையச் சொன்னேன். 'அம்மன்' வந்தாள்.

கோப்பைத் திறக்கும் விஷயத்துக்கு அடுத்த நாள்தான் வந்தேன். அமைப்புகளில் ஒற்றை அழுத்தலைத் தேர்ந்தெடுப்பது அரை நிமிட வேலை. என்னைக் குடைந்தது வேறு கேள்வி. என் கணினியில் ஏன் ஒன்றும் மாறவில்லை? நான் இருமுறை அழுத்துகிறவள். அலுவலகத்தில் பல ஆண்டுகள் விண்டோஸ் பழகிய கை. கேடிஈக்கு வந்த முதல் வாரத்திலேயே அமைப்பை மாற்றிக்கொண்டுவிட்டேன். பிளாஸ்மா 6 எல்லோருக்கும் அதையே இயல்பிருப்பாக்கியிருக்கிறது என்பதால் நான் தப்பியது தற்செயல் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் சாளரங்களுக்கிடையே தாவும் விதமும் எனக்கு மாறவில்லை. அப்பாவுக்கோ ஆல்ட்-டேப் அழுத்தினால் ஓரத்தில் வந்துகொண்டிருந்த பட்டியல் போய், நடுத்திரையில் சிறு படங்களாகச் சாளரங்கள் வந்து நின்றன. அதை நான் என்றைக்கோ வேறு வகைக்கு மாற்றியிருந்தேன்.

இரண்டு கணினிகளின் அமைப்புக் கோப்புகளையும் திறந்து பக்கத்தில் பக்கமாக வைத்தேன். வீட்டு அடைவுக்குள் மறைந்திருக்கும் கோப்புறையில் கேடிஈகுளோபல்ஸ் என்றொரு சிறிய உரைக்கோப்பு இருக்கும். என்னுடையதில் 'சிங்கிள்கிளிக்' என்ற சொல்லும், சமக்குறியும், 'ஃபால்ஸ்' என்ற சொல்லும் ஒரு வரியாக இருந்தன. அப்பாவின் கோப்பில் அந்த வரியே இல்லை. ஒற்றை அழுத்தல் பதினைந்து ஆண்டுகள் அவர் கையில் இருந்தது, ஆனால் கோப்பில் ஒருநாளும் இருக்கவில்லை.

கேடிஈ அமைப்புகளைச் சேமிக்கும் முறை இதுதான். இயல்பிருப்பிலிருந்து மாறுபட்டதை மட்டும் கோப்பில் எழுதும். நீங்கள் ஒன்றை மாற்றி, பிறகு மனம் மாறி இயல்பிருப்புக்கே திரும்பினால், எழுதிய வரியையும் அழித்துவிடும். பொறியாளர் பார்வையில் இது நேர்த்தியான ஏற்பாடு. கோப்பு சிறியதாக இருக்கும், எது உங்கள் தேர்வு எது அவர்களுடையது என்று தெளிவாகத் தெரியும், இயல்பிருப்பில் இருந்த தவறு திருத்தப்பட்டால் அதன் பயன் எல்லோருக்கும் போய்ச்சேரும். க்னோம் என்ற இன்னொரு டெஸ்க்டாப்பும் இதற்கு உறவுமுறைதான். பயனர் தொட்ட சாவிகள் மட்டுமே அதன் தரவுத்தளத்தில் ஏறும், தொடாதவற்றுக்கு விடை நிரலோடு வரும் அட்டவணையிலிருந்து கிடைக்கும். இதன் விளைவைத்தான் நான் அன்றுவரை யோசித்துப் பார்த்ததில்லை. கொடுத்தது பிடிக்காமல் எதையாவது மாற்றிக்கொண்டே இருந்த என் தேர்வுகள் எழுத்தில் ஏறி நிற்கின்றன. கொடுத்ததை அப்படியே ஏற்று, அதற்குத் தம் கையைப் பழக்கிக்கொண்ட அப்பா, அந்தக் கணினியைப் பொறுத்தவரை விருப்பம் எதுவும் சொல்லாதவர். ஆகவே புதிய இயல்பிருப்பு வரும் ஒவ்வொரு முறையும் அது முதலில் போய் விழுவது அவர் தலையில்.

என் கோப்பிலும் ஓட்டைகள் இருந்தன என்பது பிறகு தெரிந்தது. நீளமான ஆவணங்களை மொழிபெயர்க்கும்போது உருள்பட்டையின் வெற்றிடத்தில் அழுத்தினால் ஒரு பக்கம் நகர்வது எனக்குப் பழக்கம். பிளாஸ்மா 6-இல் அழுத்திய இடத்துக்கே தாவுகிறது. நாற்பதாம் பக்கத்திலிருந்து நூற்றுப் பத்தாம் பக்கத்துக்குப் போய் விழுந்து, நான் எங்கே இருந்தேன் என்று தேடிய கணத்தில் அப்பாவின் மவுஸ் மாற்றம் நினைவுக்கு வந்தது. அதை நான் ஒருநாளும் 'அமைப்பு' என்று நினைத்ததே இல்லை. உருள்பட்டை என்றால் அப்படித்தான் என்றே இருந்துவிட்டேன்.

இவையெல்லாம் சின்ன விஷயங்கள். இதைவிடப் பெரிய இடிகளை இந்த உலகம் பார்த்திருக்கிறது. 2008 ஜனவரியில் கேடிஈ 4.0 வந்தபோது, அது வரை பழகிய 3.5-இன் பாதி வசதிகள் இல்லாமல் பலர் தவித்தார்கள். பழையதை விட மனமில்லாதவர்கள் அதை டிரினிட்டி என்ற பெயரில் இன்றும் காப்பாற்றி வருகிறார்கள். 2010 ஏப்ரலில் உபுண்டு என்ற மற்றொரு லினக்ஸ் வகையின் 10.04 பதிப்பு, சாளரத்தை மூடும் பொத்தான்களை வலமிருந்து இடத்துக்கு மாற்றியது. 2017 அக்டோபரில் 17.10 வந்தபோது அவை வலப்பக்கமே திரும்பின. ஏழரை ஆண்டு. சனி பிடித்த கணக்கு என்று அலுவலகத்தில் ஒரு நண்பர் சொன்னார்.

2011 ஏப்ரலை இந்த ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். க்னோம் 3 வெளிவந்தது அம்மாதம் 6-ஆம் தேதி. அதற்குச் சில நாள் முன்னதாகத்தான் க்னோம் ஆசிய மாநாடு இங்கே பெங்களூரில் நடந்தது. கீழ்ப்பட்டையும் மெனுக்களும் போய், சிறிதாக்கும் பொத்தான்கூட இல்லாமல் வந்த அந்தத் திரையைப் பார்த்து நாங்கள் சிலர் உற்சாகமாகவும் சிலர் திகைத்தும் இருந்தோம். நான் உற்சாகக் கட்சி. லினக்ஸ் கருநிரலை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸே மனம் வெறுத்து எக்ஸ்எஃப்சிஈ என்ற வேறொரு டெஸ்க்டாப்புக்குப் போனார், பிறகு திரும்பியும் வந்தார். அர்ஜென்டினாவில் இருந்த ஒரு பயனர் பழைய க்னோம் 2-ஐப் பிரித்தெடுத்து, அந்நாட்டு பானத்தின் பெயரால் மாத்தே என்ற டெஸ்க்டாப்பைத் தொடங்கினார். லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் குழுவினர் சின்னமன் என்ற டெஸ்க்டாப்பை உண்டாக்கினார்கள். திறந்த மூல உலகில் 'பிடிக்கவில்லை' என்பதற்கு இப்படி ஒரு கதவு இருக்கிறது, அது பெரிய விஷயம். ஆனால் அந்தக் கதவைத் திறக்க, முதலில் எது மாறியது என்றாவது தெரிய வேண்டும். மவுஸ் தேய்ந்துவிட்டது என்று நினைக்கிறவர் எந்தக் கதவுக்குப் போவார்?

இருமுறை அழுத்தலை இயல்பிருப்பாக்கிய முடிவு தவறென்று நான் சொல்லவில்லை. வேறு இயங்குதளங்களிலிருந்து வருகிறவர்களின் கை அதற்குப் பழகியிருக்கிறது. நானே அப்படி வந்தவள்தான். ஒரு கோப்பைத் தேர்ந்தெடுக்கப் போய்த் தவறுதலாகத் திறந்துவிட்ட அனுபவம் ஒற்றை அழுத்தலில் எத்தனையோ உண்டு. புதிதாக நிறுவுகிறவருக்குப் புதிய வழக்கம் என்பது நியாயம். என் மனத்தாங்கல், பழையவரையும் புதியவராகவே எண்ணிக்கொள்வதில் இருக்கிறது. மேம்படுத்தலின்போது பயனரின் அமைப்புக் கோப்பைத் தேவைக்கேற்பத் திருத்தும் சிறு நிரல்களை ஓட்ட கேடிஈயில் நெடுங்காலமாக வசதி இருக்கிறது. பழைய கணக்குகளில் மட்டும் 'சிங்கிள்கிளிக் ட்ரூ' என்று ஒரு வரியை எழுதிவிட்டுப் புதிய இயல்பிருப்பைக் கொண்டுவந்திருந்தால் அப்பா இரண்டாவது மவுஸைத் தேடியிருக்க மாட்டார்.

இதைச் சொல்லிவிட்டு, ஒரு நாள் முழுவதும் எதிர்வாதத்தையும் நானே யோசித்தேன். ஒவ்வொரு இயல்பிருப்பு மாற்றத்துக்கும் இப்படி ஒரு வரி எழுதத் தொடங்கினால், பத்தாண்டு கழித்து அப்பாவின் கோப்பு அவர் ஒருபோதும் கேட்டிராத நூறு பழைய வழக்கங்களின் பரணாகிவிடும். எது அவர் விரும்பி வைத்துக்கொண்டது, எது அவர் அறியாமலே கூட இருந்தது என்பதைக் கோப்பைப் பார்த்துச் சொல்ல எந்த நிரலாலும் முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற ஒருவரால் ஓரளவு முடியும்.

அதனால் செவ்வாய்க்கிழமை, மார்கழி முதல் நாள், கோவிலிலிருந்து பொங்கலோடு வந்தவரை வேலை செய்யச் சொல்லிவிட்டு, பக்கத்து நாற்காலியில் ஒரு நோட்டோடு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் பேசவில்லை. அவர் எதை எப்படித் திறக்கிறார், பட்டியலிலிருந்து நாட்காட்டிக்கு எப்படிப் போகிறார், அச்சிடும் முன் எழுத்தை எந்த விசையால் பெரிதாக்கிப் பார்க்கிறார், வேலை முடிந்ததும் எந்த மூலைக்குச் சுட்டியைக் கொண்டுபோகிறார் என்றெல்லாம் குறித்தேன். பதினோரு பழக்கங்கள் தேறின. அவற்றில் நான்கு ஏற்கெனவே மாறிப்போனவை. ஒற்றை அழுத்தல், ஆல்ட்-டேப் பட்டியல் உட்பட நான்கையும் அமைப்புகளில் பழையபடி ஆக்கினேன். இப்போது அவை இயல்பிருப்பிலிருந்து மாறுபட்டவை என்பதால் கோப்பில் வரிகளாக ஏறிக்கொண்டன. மற்ற ஏழும் இன்றைய இயல்பிருப்போடு ஒத்துப்போகின்றன, ஆகவே அமைப்புச் சாளரம் அவற்றை எழுத மறுக்கிறது. அவற்றில் எனக்குப் பெயர் தெரிந்தவற்றை உரைத்தொகுப்பியில் கையாலேயே எழுதிச் சேர்த்தேன். அமைப்புச் சாளரத்தில் யாராவது அடுத்தமுறை சேமிக்கும்போது அவற்றில் சில அழிந்துபோகவும் கூடும். நோட்டில் இருக்கட்டும் என்று பக்கத்தைக் கிழிக்காமல் விட்டிருக்கிறேன்.

"என்னம்மா எழுதற, வீட்டுக் கணக்கா?" என்று கேட்டார். அவர் கணினியில் செய்யும் பழக்கங்களை எழுதுகிறேன், அடுத்த மேம்படுத்தலில் தொலையாமல் பார்த்துக்கொள்ள என்றேன். நோட்டை வாங்கி, கண்ணாடியை உயர்த்தி, பதினொன்றையும் மேலிருந்து கீழாகப் படித்தார். ஏழாவதை அடித்து, "இது நான் செய்யறதில்லை, நீ இருந்ததால செஞ்சேன்" என்றார். பிறகு பென்சிலை எடுத்துக் கடைசியில் ஒன்றைச் சேர்த்தார்: மத்தியானம் பாட்டு கேட்கும்போது, வலது மூலையில் இருக்கும் ஒலிபெருக்கிப் படத்தின் மேல் சக்கரத்தை உருட்டுவேன், சத்தம் குறையும்.